ஒரே வீட்டில் இரண்டு அளவுகள்: ஆண், பெண் ஹீமோகுளோபின் பற்றி
(ஆதரவாளர் கூட்டத்தில் எங்கள் மருத்துவக் குழுவின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



மருத்துவமனையின் ஆண்டறிக்கை உங்கள் கைகளில் இருப்பதால் அதையே திரும்ப வாசித்து உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ள நாங்கள் விரும்பவில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்காக நடத்திய பரிசோதனை முகாமுக்குப் பின் பலர் எங்களிடம் கேட்ட ஒரு கேள்விக்கு இன்று பதில் சொல்ல முற்படுகிறோம்.

கணவரும் மனைவியும் சேர்ந்து வந்து இரத்தம் கொடுக்கிறார்கள். கணவரின் சீட்டில் ஹீமோகுளோபின் 14.8 கிராம். மனைவிக்கு 12.4. இரண்டு சீட்டிலும் "சரியான அளவு" என்று எழுதியிருக்கிறது. மனைவி கேட்கிறார்: "எனக்கு இரண்டு கிராமுக்கு மேல் குறைகிறதே, எப்படிச் சரி என்கிறீர்கள்? பெண் பிள்ளை என்றால் இவ்வளவு போதும் என்று விட்டுவிட்டீர்களா?" கேள்வியின் இரண்டாம் பாதி எங்களைச் சற்று நெளிய வைத்தது. ஏனென்றால் அதில் உண்மையும் இருக்கிறது, உண்மையல்லாததும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்டுவதே இந்த உரையின் வேலை.

ஹீமோகுளோபின் என்பது இரத்தத்தின் சிவப்பணுக்களுக்குள் இருக்கும் இரும்புச்சத்து கலந்த ஒரு புரதம். இரத்தத்தின் சிவப்பு நிறமும் அதனால்தான். நுரையீரலில் பிராணவாயுவைப் பிடித்துக்கொண்டு உடலெங்கும் கொண்டுபோய் இறக்கிவிடுவது அதன் பணி. ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 1.34 மில்லி பிராணவாயுவைச் சுமக்கும். 100 மில்லி இரத்தத்தில் 15 கிராம் உள்ளவருக்கு 20 மில்லியும், 13.5 கிராம் உள்ளவருக்கு 18 மில்லியும் கணக்கு வருகிறது. உங்களில் வயதில் மூத்தவர்களுக்கு "இரத்தம் 60 சதவீதம்தான் இருக்கிறது" என்று டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கலாம். அது சாலி முறை. விரலிலிருந்து எடுத்த சொட்டு இரத்தத்தை அமிலத்தில் கலந்து, அந்தப் பழுப்பு நிறத்தைப் பக்கத்திலுள்ள கண்ணாடிக் குழாயின் நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இன்று இயந்திரம் கிராம் கணக்கில் அச்சடித்துக் கொடுத்துவிடுகிறது.

உலக சுகாதார நிறுவனம் 1968-ல் ஓர் எல்லைக்கோடு போட்டது. வயது வந்த ஆணுக்கு 13 கிராமுக்குக் கீழே போனால் இரத்த சோகை. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனால் இரத்த சோகை. 2024-ல் அந்த நிறுவனம் வழிகாட்டியைத் திருத்தியபோதும் இந்த இரண்டு எண்களை மாற்றவில்லை. ஆக, ஆணுக்கு ஒரு கோடும் பெண்ணுக்கு ஒரு கோடும் எங்கள் ஆய்வகத்தில் நாங்களாகப் போட்டதல்ல.

ஏன் இரண்டு கோடுகள்? யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் பதில் மாதவிலக்கு. ஆலயத்தில் பேசக் கூச்சப்படும் சொல்தான். ஆனால் மருத்துவமனைக்காரர்கள் கூச்சப்பட்டால் காரியம் நடக்காது. கணக்கைப் பார்ப்போம். சராசரியாக ஒரு மாதத்தில் ஒரு பெண் இழப்பது 30 முதல் 40 மில்லி இரத்தம், அதாவது இரண்டு மூன்று மேசைக்கரண்டி. அதோடு போகும் இரும்புச்சத்து 15 முதல் 20 மில்லிகிராம். ஆணும் பெண்ணும் தோல், குடல் வழியாகத் தினமும் ஒரு மில்லிகிராம் அளவு இழக்கிறார்கள். பெண்ணுக்கு அதோடு தினம் அரை மில்லிகிராமுக்குச் சற்று மேலே கூடுதல் செலவு. சிறிய தொகைதான். ஆனால் முப்பது முப்பத்தைந்து வருஷம் விடாமல் போகும் செலவு. ஆணின் உடலில் ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் இரும்பு சேமிப்பில் இருக்கும்போது, பெண்ணின் சேமிப்பு பெரும்பாலும் 300-ஐச் சுற்றியே நிற்பதற்கு இது முக்கியமான காரணம்.

இதோடு பதில் முடிந்துவிட்டதென்றால் எங்கள் உரையும் முடிந்திருக்கும். முடியவில்லை. மாதவிலக்கு நின்ற பெண்களைப் பாருங்கள். செலவு நின்றுவிட்டது, சேமிப்பும் மெல்ல ஏறுகிறது. ஆனாலும் அவர்களுடைய ஹீமோகுளோபின் கொஞ்சம்தான் ஏறுகிறது. அதே வயது ஆணின் அளவைத் தொடுவதில்லை. சேமிப்பில் இரும்பு நிறைவாக உள்ள இளம் பெண்ணுக்கு மேலும் மேலும் இரும்பு மாத்திரை கொடுத்தாலும் அவர் 15-க்குப் போய்விடுவதில்லை. மாதவிலக்கே இல்லாத பல பாலூட்டி மிருகங்களிலும் ஆணுக்கு அளவு சற்று அதிகமாகவே இருக்கிறது. இரத்தம் போவது மட்டும் காரணமாக இருந்தால் இவையெல்லாம் நடக்கக்கூடாது.

இன்னொரு சாட்சி நம் ஞாயிறு பள்ளியிலேயே இருக்கிறது. எட்டு, ஒன்பது வயதுப் பையன்களையும் பெண் பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்திச் சோதித்தால் இரு பக்கத்துக்கும் அளவில் வித்தியாசம் இல்லை. பருவம் எய்தும் வயதில்தான் பாதை பிரிகிறது. அங்கே நடப்பதைக் கவனிக்க வேண்டும்: பெண் பிள்ளையின் அளவு கீழே இறங்குவதைவிட, பையனின் அளவு மேலே ஏறுவதால்தான் இடைவெளி உண்டாகிறது.

பையனுக்கு ஏற்றிவிடுவது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன். குரலை உடைத்து மீசையை முளைக்கச் செய்யும் அதே ஹார்மோன்தான். அது இரண்டு இடத்தில் வேலை செய்கிறது. சிறுநீரகத்தில் எரித்ரோபாய்டின் என்ற பொருள் சுரக்கிறது; எலும்பு மஜ்ஜைக்கு "சிவப்பணுக்களை உண்டாக்கு" என்று கட்டளை எடுத்துப் போவது அதுதான். ஆண் ஹார்மோன் அந்தக் கட்டளையைத் தூண்டிவிடுகிறது. அடுத்து, கல்லீரலில் ஹெப்சிடின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அதைக் குடலின் வாசற்காவலன் என்று நினைத்துக்கொள்ளலாம். அது கூடினால் சாப்பாட்டிலுள்ள இரும்பு உள்ளே வரும் கதவு மூடிக்கொள்ளும். ஆண் ஹார்மோன் இந்தக் காவலனை அடக்கிவைத்துக் கதவைத் திறந்துவிடுகிறது. மருத்துவ உலகம் ஹெப்சிடினை அறிந்ததே 2000-ஐ ஒட்டித்தான். எங்களில் மூத்தவர்கள் மருத்துவக் கல்லூரியில் படித்தபோது இந்தப் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இதெல்லாம் ஆய்வுக்கூடத்துக் கதை என்று நினைத்துவிட வேண்டாம். புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் வந்த ஆண்களுக்கு, நோய் வளராமலிருக்க, ஆண் ஹார்மோனை ஊசி மூலமாகவோ அறுவை சிகிச்சை மூலமாகவோ நிறுத்திவிடுகிறோம். சில மாதங்களுக்குள் அவர்களுடைய ஹீமோகுளோபின் ஒன்று முதல் இரண்டு கிராம் வரை இறங்கி, பெண்களின் அளவுக்கு வந்துவிடுகிறது. இரத்தம் எங்கும் போகவில்லை, சாப்பாடும் குறையவில்லை. மறுபுறம், சிறுநீரகம் பழுதாகிச் சோகை பிடித்தவர்களுக்கு, எரித்ரோபாய்டின் ஊசி 1989-ல் புழக்கத்துக்கு வரும் முன்பு, ஆண் ஹார்மோன் வகை ஊசிகளையே போட்டுவந்தார்கள். ஓரளவு பலனும் இருந்தது. பெண் நோயாளிகளுக்கும் போட்டார்கள். குரல் கட்டை, முகத்தில் ரோமம் என்று அதன் தொல்லை வேறு.

அப்படியானால் பெண் எப்போதும் கொஞ்சம் பிராணவாயுப் பஞ்சத்திலேயே வாழ்கிறாளா? இல்லை. எங்களுக்கு மிகவும் பிடித்த உண்மை இதுதான். பிராணவாயு குறைந்தால் முதலில் உணர்ந்து எரித்ரோபாய்டினைக் கூட்டுவது சிறுநீரகம். ஆரோக்கியமான ஆணையும் பெண்ணையும் சோதித்தால் இருவர் இரத்தத்திலும் எரித்ரோபாய்டின் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கிறது. பெண்ணின் சிறுநீரகம் 13 கிராமைப் பார்த்து "போதவில்லை" என்று முறையிடவில்லை. அந்த உடலுக்கு அது நிறைவு.

ஆகவே 12.4 உள்ள அந்தச் சகோதரிக்கு எங்கள் பதில்: பெண் பிள்ளைதானே என்று நாங்கள் விட்டுவிடவில்லை. அது உங்களுக்குப் போதுமான அளவு. உங்கள் கணவரைப் பார்த்து நீங்கள் ஏங்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு வார்த்தை. ஹீமோகுளோபின் 12-க்கு மேல் நிற்கும்போதே சேமிப்பு இரும்பு காலியாகிவிட்ட பெண்கள் உண்டு. பீரோவில் பணம் தீர்ந்த பிறகும் அன்றைய செலவுக்குக் கைப்பையில் ரூபாய் இருப்பதுபோல. தீராத அசதி, முடி கொட்டுதல் இருந்தால் ஃபெரிட்டின் என்ற சேமிப்புச் சோதனையையும் செய்துகொள்வது நல்லது.

இனி, "பெண்ணென்றால் இவ்வளவு போதும் என்று விட்டுவிட்டீர்களா" என்பதில் இருக்கும் உண்மைக்கு வருவோம்.

2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நல ஆய்வில், நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினர் இரத்த சோகை உள்ளவர்கள் என்று தெரிந்தது. அதே வயது ஆண்களில் 25 சதவீதம். விரல் நுனியில் குத்தி எடுத்த இரத்தத்தில் சோதித்ததால் எண்கள் சற்றுக் கூடியிருக்கலாம் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. இருக்கட்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விதமாகத்தான் குத்தினார்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பெண்ணுக்கு இயற்கை வைத்த வித்தியாசத்துக்காக ஒரு கிராம் ஏற்கெனவே கழித்து, கோட்டை 12-க்கு இறக்கி வைத்துத்தான் இந்த ஆய்வு எண்ணியது. அப்படி இறக்கியும் இரண்டு மடங்குக்கு மேல் பெண்கள் கோட்டுக்குக் கீழே. இந்த இரண்டாவது வித்தியாசத்துக்கு ஹார்மோன் காரணமல்ல.

சமையலறைக்குப் போய்ப் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி ஓர் ஆணின் அன்றாட உணவில் 19 மில்லிகிராம் இரும்புச்சத்து இருக்க வேண்டும். பெண்ணின் உணவில் 29. நம் வீடுகளில் நடப்பது என்ன? குழம்பில் கிடக்கும் மீன் துண்டு அப்பாவுக்கு, அடுத்தது மகனுக்கு. எல்லோரும் எழுந்த பிறகு அம்மா சட்டியை வழித்துச் சாப்பிடுகிறார். அதிகம் தேவைப்படுகிறவருக்குக் குறைவாகப் போகிறது. மகளும் அம்மாவைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறாள். மாத்திரையும் ஊசியும் நாங்கள் தரலாம். பந்தியின் வரிசையை நாங்கள் மாற்ற முடியாது.

கர்ப்பம் வந்துவிட்டால் கணக்கே வேறு. ஒரு கர்ப்ப காலம் முழுவதுக்கும் சுமார் 1,000 மில்லிகிராம் இரும்பு தேவை. சற்று முன் சொன்ன பெண்ணின் சேமிப்பு 300. இரத்தத்தின் நீர்ப்பகுதி ஏறக்குறைய பாதியளவு கூடுகிறது; சிவப்பணுக்கள் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. இரத்தம் நீர்த்துப் போவதால் அளவு இறங்குவது ஓரளவு இயற்கை. அதனால்தான் கர்ப்பிணிக்குக் கோடு 11, நடு மூன்று மாதங்களில் 10.5 என்று வைத்திருக்கிறார்கள். ஆனால் 7 கிராமோடு பிரசவ வலி கண்டு வரும் பெண்ணை "மாசமாக இருந்தால் இரத்தம் குறையத்தானே செய்யும்" என்று சொல்லி அழைத்து வருகிறார்கள். 12 கிராம் உள்ள பெண் பிரசவத்தில் தாங்கிக்கொள்ளும் இரத்த இழப்பை 7 கிராம் உள்ளவர் தாங்கமாட்டார். அந்த இரவில் இரத்தத்துக்கு ஆள் தேடி ஓடும் உறவினர்களை எங்கள் பிரசவ வார்டுத் தாதியர் நன்கு அறிவார்கள்.

இந்த "இயற்கைதானே" என்ற பேச்சை ஏற்காத ஒரு பெண் டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1928-ல் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளைக் கடுமையான சோகை வாட்டிக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்று ஒவ்வொன்றாய் விசாரித்தார். குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், 1931-ல் சென்னையில் இன்றும் மக்கள் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்லும் திருவல்லிக்கேணி மருத்துவமனையிலும் அவருடைய பணி தொடர்ந்தது. மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு இந்தச் சோகையைக் குணமாக்குகிறது என்று 1931-ல் அறிவித்தார். அந்தச் சாற்றில் இருந்தது ஃபோலிக் அமிலம் என்று பிற்பாடு தெரிந்தது. இன்று நம் கர்ப்பிணிகளுக்கு 180 நாள் தரப்படும் சிவப்பு மாத்திரையில் இரும்போடு அதுவும் சேர்ந்தே இருக்கிறது. மாத்திரையை வாங்கிக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிடுகிறார்கள் என்பது வேறு வருத்தம். மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயப்பட வேண்டாம். தேநீர், காப்பியோடு சேர்த்து விழுங்க வேண்டாம். எலுமிச்சைச் சாறோடு நல்லது.

அதிக உதிரப்போக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். மாதம் 80 மில்லிக்கு மேல் போனால் அது அதிகம். பெண்கள் தாங்களாக வந்து இதைச் சொல்வதில்லை; அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்தது என்று இருந்துவிடுகிறார்கள். சுவிசேஷத்தில் வரும் பெரும்பாடுள்ள ஸ்திரீ பன்னிரண்டு வருஷம் கஷ்டப்பட்டாள், வைத்தியர்களுக்கு ஆஸ்தியெல்லாம் செலவழித்தாள் என்று நாம் எல்லோரும் வாசித்திருக்கிறோம். அவளுடைய ஹீமோகுளோபின் என்னவாக இருந்திருக்கும் என்று எங்கள் ஆய்வகத்தார் ஒருநாள் தேநீர் நேரத்தில் விவாதித்தார்கள். கூட்டத்தில் நெருக்கிக்கொண்டு நடந்து வர முடிந்ததே பெரிய காரியம் என்று முடிவானது. பச்சரிசி, மண், சிலேட்டுக் குச்சி தின்கிற பெண் பிள்ளைகளையும் திட்டாமல் அழைத்து வாருங்கள். இரும்பு குறைந்தவர்களுக்கு அப்படி ஓர் ஆசை வரும்.

ஆண்களும் நிமிர்ந்து உட்கார வேண்டாம். ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் ஆணுக்கு 11.5 இருந்தால், "12-க்குக் கொஞ்சம்தானே குறைவு, டானிக் எழுதுங்கள்" என்கிறார்கள். அவருக்குக் கோடு 12 அல்ல, 13. மாதவிலக்கும் பிரசவமும் இல்லாத உடலில் இரும்பு குறைந்தால், அது எங்கோ கசிகிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வயிற்றுப்புண், மூலம், மூட்டுவலிக்கு விழுங்கும் மாத்திரைகள், கொக்கிப்புழு, சில சமயம் இரைப்பையிலோ பெருங்குடலிலோ ஆரம்பித்திருக்கும் புற்றுநோய். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் இதே எச்சரிக்கை. காரணத்தைத் தேடாமல் டானிக் கொடுப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது.

இரண்டு கோடுகள் இருப்பது உங்கள் சபைகள் நடத்தும் இரத்த தான முகாமில் ஒரு குழப்பத்தை உண்டாக்குகிறது. நம் நாட்டுச் சட்டப்படி ஆணோ பெண்ணோ 12.5 கிராம் இருந்தால்தான் இரத்தம் கொடுக்கலாம். நீல நிறத் தாமிரக் கரைசலில் உங்கள் இரத்தத் துளியை விடுவார்களே, அது மூழ்கினால் 12.5 இருக்கிறது என்று பொருள். மிதந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 12.2 உள்ள பெண்ணுக்குச் சோகை இல்லை. ஆனால் அவர் கொடுக்க முடியாது. "எனக்கு இரத்தமே இல்லையாம்" என்று வெட்கப்பட்டுப் போகிறார். 12.7 உள்ள ஆணின் துளி மூழ்கிவிடும். அவர் கொடுத்துவிட்டுப் பழச்சாறு குடித்துவிட்டுச் சந்தோஷமாகப் போகிறார். உண்மையில் சோகை இருப்பது அவருக்கு. அமெரிக்காவில் 2016 முதல் ஆண் கொடையாளருக்கு 13 என்று உயர்த்திவிட்டார்கள். எங்கள் அபிப்பிராயம், நாமும் அப்படிச் செய்வது நலம். இரத்தம் கொடுத்தபின் ஆண் 90 நாளும் பெண் 120 நாளும் இடைவெளி விட வேண்டும் என்ற விதி, பெண்ணின் சேமிப்பு குறைவு என்பதை உணர்ந்தே செய்தது, அது நியாயமானது.

ஆகையால் அடுத்த முகாம்களை நடத்தும் வாலிபர் சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். துளி மிதந்தவர்களை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். பெயரை ஒரு தனி நோட்டில் எழுதி, அந்த வாரமே எங்கள் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அவர்களுக்கு முழு இரத்தப் பரிசோதனையும், தேவையானால் ஃபெரிட்டினும் இலவசமாகச் செய்ய, நீங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு பங்கை ஒதுக்கி வைக்கிறோம். துளி மூழ்கிய ஆண்களிலும் ஐம்பது வயதைக் கடந்தவர்கள் கிராம் கணக்கில் அளவைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். 13-க்குக் குறைந்தால் சீட்டோடு எங்களிடம் வரட்டும். ஆய்வகம் திங்கள் முதல் சனி வரை காலை எட்டு மணிக்குத் திறந்திருக்கும். இந்தச் சோதனைகளுக்குப் பட்டினியாக வர வேண்டியதில்லை.